அடுப்படி டப்பாவும் ஊர் விருந்தும்: மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையின் கிறிஸ்துமஸ்

மிசோரத்தின் தலைநகர் ஐஸ்வாலில் டிசம்பர் மாதம் மாலை நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல இருக்கும் வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும். வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கும். நான் குடியிருந்த வீட்டின் அடுப்படியில் அந்த நேரத்தில் தவறாமல் ஒரு காரியம் நடக்கும். வீட்டுக்கார அம்மா ராத்திரிச் சோற்றுக்கு அரிசியை அளந்து பாத்திரத்தில் போடுவார். தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்திலிருந்தே ஒரு கை அள்ளி, திண்டின் ஓரத்தில் இருக்கும் மூடி போட்ட டப்பாவில் போடுவார். அப்புறம்தான் அரிசி களைவது. காலையிலும் இப்படியே. மிசோக்களுக்குச் சோறு இரண்டு வேளை, காலையில் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. ஆக, நாளுக்கு இரண்டு பிடி.

அந்த அம்மா அரிசி மூட்டையிலிருந்து எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூட்டையிலிருந்து எடுத்தால் அன்றைய சாப்பாடு குறையாது. உலையில் போட அளந்ததிலிருந்து எடுத்தால் குறையும். அந்தக் குறைவுதான் காணிக்கை.

நான் நெல்லைச் சீமை சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பிள்ளை. கிறிஸ்துமஸ் என்றால் எனக்குக் கீதபவனி, நடுராத்திரி குளிரில் கட்டங்காப்பி, விடிகாலை ஆராதனை. ஆசிரியர் வேலைக்காக ஐஸ்வாலில் மூன்று வருடம் இருந்தேன், மூன்று கிறிஸ்துமஸ் பார்த்தேன். முதல் வருடம் ஊர் விருந்தைப் பார்த்து மலைத்துப்போனேன். அந்த விருந்துக்கும் அடுப்படி டப்பாவுக்கும் இருக்கும் உறவு மூன்றாம் வருடம்தான் பிடிபட்டது. ஒரு சபையால் டிசம்பரில் ஊருக்கே சோறு போட முடிகிறது, எல்லை தாண்டி ஓடிவந்தவர்களை வருடக்கணக்கில் தாங்க முடிகிறது என்றால் அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பதினோரு மாதத்து அடுப்படியிலிருந்து வருகிறது என்பது நான் கண்ட பதில்.

பண்டிகை வேண்டாம் என்ற பரம்பரை

பிரஸ்பிடேரியன் என்றால் மூப்பர்கள் நடத்தும் சபை. மூப்பரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பிஷப் கிடையாது. ஸ்காட்லாந்தில் வேர்விட்டு வளர்ந்த இந்தப் பரம்பரைக்குக் கிறிஸ்துமஸ் பிடிக்காத பண்டிகையாகவே நெடுங்காலம் இருந்தது. வேதத்தில் சொல்லாத பண்டிகையைக் கொண்டாடக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1640இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையையே ஒழித்தது. அங்கே டிசம்பர் 25 மறுபடி பொது விடுமுறை ஆனது 1958இல்தான். இதே குடும்பத்துச் சபை ஒன்றுதான் இந்தியாவின் வடகிழக்கு மூலையில் கிறிஸ்துமஸை வருடத்தின் பெரிய நாளாகக் கொண்டாடுகிறது.

மிசோரத்துக்கு வந்த பிரஸ்பிடேரியன்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள் அல்ல, வேல்ஸ் நாட்டவர். 1841 முதல் இன்றைய மேகாலயாவின் காசி மலைகளில் ஊழியம் செய்துகொண்டிருந்த வேல்ஸ் சபையார் அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் 1894 ஜனவரி 11 அன்று லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஆற்று வழியாகச் சாய்ராங்கில் வந்து இறங்கி, மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் எழுத்துமுறை அமைத்திருந்தார்கள். 1897இல் வேல்ஸ் மிஷனரி டி.இ. ஜோன்ஸ் வந்து சேர்ந்தார். 1899 ஜூன் 25 அன்று கூமா, காரா என்ற இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அதுதான் முதல் ஞானஸ்நானம். அங்கிருந்து சுமார் நூறு வருடத்துக்குள் மாநிலமே மாறிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 11 லட்சம் மக்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். அவர்களில் பிரஸ்பிடேரியன் சபையார் பெரும்பங்கு, இன்றைக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் பேர். தென்பகுதியில் பாப்டிஸ்ட் சபை பலமாக இருக்கிறது.

அப்படியானால் பண்டிகைகளில் அவ்வளவாக ஒட்டாத ஒரு மரபு, வந்த இடத்தில் இவ்வளவு பெரிய பண்டிகையை எப்படி ஏற்றுக்கொண்டது? நிலம் முன்பே பண்பட்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். மிசோக்களுக்கு அறுவடை முடிந்து டிசம்பர் வாக்கில் போல் குட் என்று ஒரு பண்டிகை இருந்தது. தாய்மாரும் பிள்ளைகளும் கல்மேடையில் சேர்ந்து உட்கார்ந்து, இறைச்சியும் முட்டையும் ஊட்டிவிட்டுக்கொள்வது அதன் வழக்கம். மலைச்சரிவை எரித்துப் பயிரிடும் ஊர்களில் களஞ்சியம் நிறைந்திருக்கும் மாதம் அது. காட்டு வேலை கிடையாது. கிறிஸ்துமஸ் வந்து அந்த இடத்தில் சரியாக உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்றும் இருந்தது. பழைய மிசோ ஊரில் வசதியுள்ள ஒருவர் ஊருக்கே வரிசையாகப் பல விருந்துகள் போட்டு முடித்தால் தாங்சுவா என்ற பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டம் பெற்றவர் தனி நெசவுத்துணி அணியலாம், வீட்டில் ஜன்னல் வைத்துக்கொள்ளலாம். செத்த பிறகு பியால்ரால் என்ற மறுமை உலகில் உழைக்காமல் சோறு கிடைக்கும் என்பது நம்பிக்கை. விருந்து போடுவது அன்று பணக்காரரின் புகழ். இன்றைக்கும் ஊருக்கே விருந்து நடக்கிறது, ஆனால் விருந்து போட்டவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு பெயர் கிடையாது. எல்லா வீடும் போட்ட விருந்து. மிசோரத்துக் கிறிஸ்தவத்தில் நடந்த மாற்றங்களில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். விருந்து மாறவில்லை, விருந்துக்குச் சொந்தக்காரர் மாறினார்.

புஃபாய் தம்

டப்பாவில் விழும் அந்த ஒரு பிடிக்கு மிசோ மொழியில் புஃபாய் தம் என்று பெயர். புஃபாய் என்றால் அரிசி, தம் என்றால் கைப்பிடி. நம் ஊர்ச் சொல்லில் பிடியரிசி. 1910இல் தொடங்கிய பழக்கம் இது. வீடு வீடாகப் போய் வேதம் சொல்லிக்கொடுத்த பெண் ஊழியர்களைத் தாங்குவதுதான் முதல் நோக்கம். அப்போது பெண்கள் கையில் காசு கிடையாது. அவர்கள் ஆளுகைக்குள் இருந்தது அரிசிப் பானை ஒன்றுதான். அதிலிருந்து எடுத்தார்கள்.

தொடங்கிய மறுவருடமே பஞ்சம் வந்தது. ஏறக்குறைய 48 வருடத்துக்கு ஒரு முறை மிசோரத்தின் மூங்கில் காடுகள் மொத்தமாகப் பூத்துக் காய்க்கும். அந்தக் காயைத் தின்று எலிகள் பெருகும். காய் தீர்ந்ததும் எலிக்கூட்டம் வயலில் இறங்கி நெல்லைத் தின்று தீர்க்கும். மவுதாம் என்று பெயர். 1911, 1959, 2007 என்று இந்த நூற்றுச் சொச்ச வருடத்தில் மூன்று முறை வந்துபோயிருக்கிறது. 1959 பஞ்சத்தின் கோபம்தான் 1966இல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்து, இருபது வருடம் கழித்து 1986 ஒப்பந்தத்தில் அடங்கியது. அதில் சபைத் தலைவர்கள் சமாதானத் தூது போனது தனிக் கதை. இத்தனைக்கும் நடுவில் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. “தினம் சாப்பிட ஏதாவது இருக்கும்வரை, தினம் கடவுளுக்குக் கொடுக்கவும் ஏதாவது இருக்கும்” என்பது அங்கே சகஜமாகக் காதில் விழும் பேச்சு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளைக்கு 100 கிராம், மாதம் 3 கிலோ, வருடம் 36 கிலோ. ஆயிரம் வீடு இருந்தால் வருடத்துக்கு 36 டன். ஒரு வீட்டுக்கு இது பெரிய இழப்பு இல்லை; ஒரே நாளில் 36 கிலோ அரிசி கொடு என்றால்தான் கைநடுங்கும். குறிப்பிட்ட நாளில் மாதர் சங்கத்துப் பெண்கள் வந்து டப்பாவைக் காலி செய்து, எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். சேர்ந்த அரிசியைச் சபையாருக்கே விற்பார்கள். கொடுத்தவரே காசு கொடுத்து வாங்கிப் போவதும் உண்டு. அந்தப் பணம் சபையின் தலைமை அமைப்பான சினோடுக்குப் போகிறது. இன்று அது வருடத்துக்குக் கோடிக்கணக்கில் சேரும் வருமானம். 1968இல் வெளிநாட்டு மிஷனரிகளில் கடைசியாக இருந்தவர்கள் கிளம்பிப் போனபோது சபை நிலைகுலையாமல் இருந்ததற்கு உள்ளூர்க் காணிக்கை ஒரு முக்கியக் காரணம். 1928இல் துர்த்லாங் மலைமுகட்டில் வேல்ஸ் மிஷன் ஆரம்பித்த ஆஸ்பத்திரி இன்று சினோடு ஆஸ்பத்திரியாக நடக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலைப் பள்ளியை ஊரார் பிடியரிசி கொடுத்துத் தாங்கியது நமக்குத் தெரிந்த கதை. நம் பக்கம் அது கதையாக நின்றுவிட்டது. அங்கே வாரா வாரம் எடைத்தராசில் ஏறுகிறது.

டிசம்பர்

சபை ஊர்வாரியாக, பேட்டைவாரியாக இயங்குகிறது. பேட்டையை வெங் என்பார்கள். ஒரு போதகருக்குப் பல சபைகள் சேர்ந்த ஒரு வட்டம் இருக்கும். அதனால் தினசரிக் காரியம் எல்லாம் உள்ளூர் மூப்பர்கள் கையில். மூப்பருக்கு அங்கே உபா என்று பெயர். இளைஞர்களுக்குத் தனி அமைப்பு, பெண்களுக்குத் தனி அமைப்பு. இதுபோக, 1935இல் தொடங்கிய மிசோ இளைஞர் சங்கம் ஒவ்வொரு வெங்கிலும் உண்டு. அது சபை அமைப்பு இல்லை. ஆனாலும் ஒரே ஆட்கள்தான் இரண்டிலும் இருப்பார்கள். யாராவது இறந்தால் குழி வெட்டுவது, ராத்திரி துக்க வீட்டில் துணைக்கு உட்கார்ந்து பாடுவது எல்லாம் அந்தச் சங்கத்தின் பொறுப்பு. ஆகவே டிசம்பரில் புதிதாக ஒரு கமிட்டி போட்டு, ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மார்ச்சில் குழி வெட்டிய அதே பையன்கள் டிசம்பரில் விறகு பிளக்கிறார்கள்.

மாலையானால் வெங்கின் ஒலிபெருக்கி பேசும். நாளைக்கு விறகு சுமக்க எந்தப் பகுதி ஆட்கள், காய் நறுக்க யார், எத்தனை மணிக்குக் கூடுவது என்று மலைச்சரிவு முழுக்கக் கேட்கும். முதல் வருடம் எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. மூன்றாம் வருடம் என் வீட்டு எண் வந்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

24ஆம் தேதி ராத்திரி உர்லோக் ஸான், பண்டிகைக்கு முன்னோட்ட இரவு. 25ஆம் தேதி ஆராதனைகள். விருந்து 25இலா 26இலா என்பது இடத்துக்கு இடம் மாறும். ராத்திரிகளில் ஸைகோம், கூடிப் பாடுவது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

பெரிய கூடத்தில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மரத்தைக் குடைந்து தோல் கட்டிய குவாங் என்ற மத்தளம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. பாட்டின் அடுத்த வரியை ஒருவர் முன்கூட்டியே உரக்கச் சொல்லிக்கொண்டே வருவார், கூட்டம் அதைப் பிடித்து இழுத்துப் பாடும். மெதுவாகத்தான் பாடுவார்கள், மிக மெதுவாக. ஒரு மணி நேரம் போனபின் யாராவது ஒரு பாட்டி எழுந்து, நடுவில் மத்தளத்தைச் சுற்றி அடியெடுத்து அசைவார். அப்புறம் இன்னொருவர். அந்த வருடம் வீட்டில் சாவு கண்டவர்கள் பாடும்போதே அழுவார்கள். யாரும் அவர்களைத் தேற்றிப் பாட்டை நிறுத்துவதில்லை. பாட்டுதான் தேறுதல். இடையில் வெல்லம் கடித்துக்கொண்டு சிவப்புத் தேநீர். அந்த மத்தளம் ஆரம்பக் காலத்தில் சபைக்குள் வரக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பொருள். பழைய குடிவிருந்துகளின் வாசனை அதில் இருப்பதாக மிஷனரிகள் நினைத்தார்கள். 1919இல் எழுப்புதல் என்ற பக்தி எழுச்சி பரவியதற்குப் பிறகு மக்களே அதை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார்கள். இன்று மத்தளம் இல்லாத மிசோ ஆலயத்தைக் கற்பனை செய்வதே கஷ்டம்.

ருவாய்

ஊர் விருந்துக்கு ருவாய் என்று பெயர். நெல்லைக்காரருக்கு ஒரே சொல்லில் விளங்கவைக்கலாம்: அசனம். ஆலய வளாகத்தில் அண்டா வைத்துச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சமைத்து ஊரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அதுதான். அங்கே ஆட்டுக்குப் பதில் பன்றி.

மூன்றாம் வருடம் நான் காய் நறுக்கும் கூட்டத்தில் இருந்தேன். விடியுமுன் குளிர் எலும்பில் இறங்கும் நேரத்தில் இறைச்சி வெட்டுவதும் அண்டா ஏற்றுவதும் ஆண்களின் வேலை. மசாலா என்று பெரிதாக எதுவும் இல்லை. உப்பு, இஞ்சி, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். இறைச்சி தன் கொழுப்பிலேயே வேகும். அந்தச் சாற்றைச் சோற்றின் மேல் ஊற்றி, நசுக்கிய பச்சைமிளகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். என் நாக்குக்கு முதல் வருடம் அது ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி வருடம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் மாநில அரசில் பெரிய பதவியில் இருப்பவர் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவருக்கு அடுத்து, என் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போடும் பையன். இரண்டு பேருக்கும் கத்தி கொடுத்து வேலை சொன்னது ஒரு கல்லூரி மாணவர். இது கிறிஸ்துமஸுக்காகப் போட்ட வேஷமாக எனக்குத் தெரியவில்லை. த்லோம்ஙைனா என்று மிசோக்கள் ஒரு குணத்தைச் சொல்வார்கள். தன் சிரமம் பாராமல் முந்திக்கொண்டு பிறருக்கு உதவுவது, அதைச் சொல்லிக் காட்டாமல் இருப்பது, இரண்டும் சேர்ந்தது. கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ஊர்ப்பிள்ளைகளை அந்தக் குணத்தில்தான் வளர்த்தார்கள். சபை அதை விட்டுவிடாமல் எடுத்துக்கொண்டது.

எல்லோரும் உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை நடந்தது. இளைஞர்கள் நாலைந்து பேர் ஒரு தாளைப் பார்த்துப் பாத்திரங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். படுக்கையில் இருப்பவர்கள், பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாதவர், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள், வயதாகிப் படியேற முடியாதவர்கள். ஐஸ்வாலில் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நூறு படி ஏறி இறங்குவது சாதாரணம். அந்தத் தாளில் இருந்த பெயர்களை யார் எழுதினார்கள் என்று விசாரித்தேன். மாதர் சங்கம் என்றார்கள். வாரா வாரம் அரிசி வாங்க வீட்டுக்கு வீடு போகிறவர்களுக்கு எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்த வீட்டு டப்பா திடீரென்று லேசாகிவிட்டது என்று தெரியாமல் போகுமா? டப்பா காலியாக இருந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அடுத்த முறை அரிசி வாங்கப் போகாமல் கொடுக்கப் போவார்கள்.

எனக்கு எல்லாம் பிடிபட்டது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான். பிடியரிசியைப் பணம் திரட்டும் வழியாக மட்டுமே அதுவரை நினைத்திருந்தேன். அது வீடுகளை விசாரிக்கும் வழியாகவும் இருந்தது. நம் சபைகளில் கிறிஸ்துமஸ் சமயம் ஏழைகளுக்குச் சேலை, வேட்டி கொடுக்கிறோம். யாருக்குக் கொடுப்பது என்று டிசம்பர் முதல் வாரத்தில்தான் பட்டியல் போட உட்காருகிறோம். விட்டுப்போன பெயர்களால் மனஸ்தாபம் வராத வருடம் உண்டா?

எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்

2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சின் மாநிலத்து மக்கள் எல்லை தாண்டி மிசோரத்துக்குள் வரத் தொடங்கினார்கள். மொழியிலும் இனத்திலும் மிசோக்களுக்கு உறவுமுறை அவர்கள். அந்த எண்ணிக்கை 30,000ஐத் தாண்டியது. 1951ஆம் வருட அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆதலால் அவர்களுக்குச் சட்டப்படி அகதி என்ற பெயரே கிடைக்கவில்லை. மாநில அரசும், சபைகளும், இளைஞர் சங்கமும், எல்லையோரக் கிராமத்து மக்களும்தான் சோறு போட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூர் கலவரத்துக்குப் பிறகு அங்கிருந்து குக்கி-ஸோ மக்கள் 12,000க்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள்.

சின்ன மாநிலம், நெல் விளைச்சல் தன் தேவைக்கே போதாது. ரேஷன் அரிசி வெளியிலிருந்து மலை ஏறி வர வேண்டும். அதிலிருந்து எடுத்த பிடி அரிசிதான் டப்பாவில் விழுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. 2022 டிசம்பரில் எங்கள் வெங்கிலிருந்து எல்லைப்பக்க முகாமுக்கு ஒரு லாரி போனது. அரிசி, பருப்பு, உப்பு, போர்வை, பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர். ஒரு பெரிய மத்தளமும் ஏற்றினார்கள். அது எதற்கு என்று அறியாமல் கேட்டுவிட்டேன். ஓடிவரும்போது மத்தளத்தைத் தூக்கிக்கொண்டா வந்திருப்பார்கள், மத்தளம் இல்லாமல் கிறிஸ்துமஸ் எப்படிப் பாடுவார்கள் என்றார் மூப்பர்.

உதவி என்று நாம் போடும் பட்டியல்களில் அரிசி இருக்கும், துணி இருக்கும். இழந்தவர் எதை நினைத்து ஏங்குகிறார் என்று யோசித்து ஒரு பொருளை ஏற்றுவது வேறு. அவர்களை ஏற்கெனவே தன்னுடையவர்களாக நினைப்பவருக்குத்தான் அது தோன்றும்.

நெருடும் இடங்கள்

இந்த முறை குறையில்லாதது என்று எழுதினால் அது பொய். இவ்வளவு நெருக்கமான சமூகத்தில் கொடுக்காமல் இருப்பது எளிதல்ல. காணிக்கைக் கணக்கு எல்லாருக்கும் தெரியும்படி எழுதப்படும். மனம் உவந்து கொடுப்பவருக்கு அது ஊக்கம், இல்லாமையை மறைத்துக்கொண்டு கொடுப்பவருக்கு அது பாரம். ஒரு டிசம்பரில் வேலை போன ஒருவர் கடன் வாங்கி விருந்துக்குப் பங்கு கட்டியது எனக்கு நேரில் தெரியும். டப்பா லேசாவதைக் கவனிக்கும் அதே கண்கள் பாரம் சுமப்பவரைச் சில நேரம் கவனிக்காமலும் விடுகின்றன.

ஒழுக்கம் தவறியதாகக் கருதப்படுபவர்களிடம் சபை காட்டும் கண்டிப்பு இன்னொன்று. நாட்டிலேயே எச்.ஐ.வி. பாதிப்பு விகிதம் மிக அதிகமாக இருக்கும் மாநிலம் மிசோரம். பெரியவர்களில் 2.7 சதவீதம். போதை ஊசி இதில் ஒரு முக்கியக் காரணம். ஊசி போட்டுக்கொள்ளும் பையன் விருந்தில் வந்து தாராளமாக உட்கார முடிகிறதா என்பதுதான் என் கேள்வி. வீடு வீடாகப் போகும் பெண்கள் அந்தத் தாய்மாரின் வீட்டுக்கும் போகிறார்கள், சேர்ந்து அழுகிறார்கள். பிரசங்க மேடையிலிருந்து வரும் குரலில் அந்தக் கனிவு எப்போதும் இருப்பதில்லை.

அப்புறம், பெண்கள். பிடி அரிசி அவர்களுடையது. எடை, கணக்கு, விசாரிப்பு, பட்டியல் எல்லாம் அவர்கள் கையில். நான் அங்கே இருந்த காலத்தில் பெண்கள் போதகராகவோ மூப்பராகவோ அபிஷேகம் பெறவில்லை. இறையியல் படித்த பெண்கள் இருந்தார்கள், நன்றாகப் பேசக்கூடியவர்கள். திரண்ட பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் மேசையில் பெரும்பாலும் ஆண்கள். மூப்பர் சபை என்ற பெயரில் மூதாட்டிகளுக்கும் இடம் வேண்டும் என்று என் வீட்டுக்கார அம்மாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் அரிசி அளந்துகொண்டிருந்தார். “அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்” என்றார்.

இங்கே

ஊருக்குத் திரும்பி வந்தபின் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் இதையெல்லாம் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை, ஒரு டப்பா வைக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். என் பெரியம்மா, அவர்கள் பாட்டி காலத்தில் எங்கள் வீட்டிலும் பிடியரிசிக் கலயம் இருந்ததென்று சொல்லி எல்லாருக்கும் முன்னால் டப்பா வாங்கினார். பதினாறு வீட்டில் ஆரம்பித்தது, இப்போது பதினோரு வீடு. ஞாயிறு ஆராதனை முடிந்து எடை போட்டால் வாரத்துக்கு ஏழு கிலோ சொச்சம் வருகிறது. போன கிறிஸ்துமஸுக்கு அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையிருப்பவர்களுக்கு அந்த அரிசியில் மூன்று நாள் மதியச் சோறு பொங்கினோம். அந்த யோசனையும், சமையலும், கணக்கும் பெண்களுடையது. நான் அண்டா தூக்கினேன்.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. நம் பக்கம் ராத்திரி பல வீட்டில் சோறு பொங்குவதில்லை, இட்லி, தோசைதான். அந்த வீடுகளில் மாவுக்கு ஊறப்போடும்போது ஒரு பிடி இட்லி அரிசி எடுத்துவிடுகிறார்கள். அதையும் சோற்றரிசியையும் ஒரே டப்பாவில் கலந்து வாங்குவதா, பிரித்து வாங்குவதா என்று போன கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினார்கள். கலந்தால் பொங்கும்போது ஒன்று குழையும், ஒன்று வேகாது. இரண்டு டப்பா வைப்பது என்று முடிவாகியிருக்கிறது.